விட்ட இடம் எது?

சீசன் முடிந்த ராத்திரியே "மங்காவுல எந்த சாப்டர்ல இருந்து ஆரம்பிக்கணும்?" என்று கேட்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' தமிழ்க் குரலோடு தியேட்டருக்கு வந்தபோது முதல் வாரமே போய்விட்டேன். எனக்கு வயது 44. அந்த அரங்கில் என்னைவிட மூத்தவர் ஒரே ஒருவர், அவரும் பேரனுக்குத் துணையாக வந்தவர். படம் முடிந்து வெளியே வரும்போது எனக்கு முன்னால் நாலைந்து பேர் போய்க்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெண் போனைத் திறந்துகொண்டே கேட்டாள்: "டேய், இதுக்கப்புறம் மங்கால எந்த சாப்டர்டா?" ஒருவன் யோசிக்காமல் ஓர் எண்ணைச் சொன்னான். லிஃப்ட் வருவதற்குள் அவள் படிக்கத் தொடங்கிவிட்டாள்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். மூன்று படங்களாகப் பிரித்த கதையில் ஒன்றை மட்டும் காட்டி வீட்டுக்கு அனுப்பினால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? கோயோஹாரு கொதோகே அந்த மங்காவை 2020 மே மாதமே முடித்துவிட்டார். மொத்தம் 205 சாப்டர், 23 தொகுதி. யார் பிழைத்தார், யார் போனார் என்பதெல்லாம் அச்சாகிப் பல வருடம் ஆகிவிட்டது. அடுத்த படம் வரும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டு இரு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

மங்காவை முதலில் படிப்பதா, அனிமேயை முதலில் பார்ப்பதா என்ற சண்டை உங்களுக்குப் புதிதில்லை. அதில் நான் பார்த்துவிட்டுப் படிக்கும் கட்சி. நீங்களும் பெரும்பாலும் அதே கட்சிதான். ஆகவே வரிசையைப் பற்றி நமக்குள் தகராறு இல்லை. பார்த்து முடித்த இடத்திலிருந்து படிக்க ஆரம்பிக்கிறீர்களே, அதில்தான் எனக்குத் தகராறு. "அனிமே விட்ட இடத்திலிருந்து" என்கிறீர்கள். விட்ட இடம் ஒன்றே ஒன்றுதான் என்றும், அது கடைசியில்தான் இருக்கும் என்றும் உங்களுக்கு யார் சொன்னது?

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். என் இருபதுகளில் 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' பார்த்தேன். 2003இல் வந்த முதல் அனிமே, 51 எபிசோட். ஒரு நண்பர் சிடிகளில் கொண்டுவந்து கொடுத்தார். பத்து நாளில் முடித்துவிட்டு நானும் உங்களைப் போலவே கேட்டேன். அவர் குத்துமதிப்பாக ஒரு தொகுதியைச் சொன்னார். திறந்தேன். ஷிங் என்ற கிழக்கு நாட்டிலிருந்து ஓர் இளவரசன் வந்து பசி மயக்கத்தில் கிடக்கிறான். யார் இவன்? போன வாரம் நான் பார்த்த கதையில் இவன் இல்லவே இல்லையே? எனக்குப் பழக்கமான பெயர் ஒன்று வேறு ஓர் ஆளின் மேல் ஒட்டியிருந்தது. செத்துவிட்டதாக நான் துக்கம் அனுசரித்த ஒருவர் சாவகாசமாக நடமாடிக்கொண்டிருந்தார். கல்யாண வீடு மாறிப் பந்தியில் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. இலையும் போட்டாகிவிட்டது, எழுந்திருக்கவும் முடியவில்லை.

காரணம் எளியது. ஹிரோமு அரகாவா அந்த மங்காவைத் தொடங்கியது 2001இல். அனிமே தொடங்கியபோது கதைக்கு வயது இரண்டு. கையிலிருந்த சாப்டர்கள் தீர்ந்ததும் அனிமேக்காரர்கள் அரகாவாவின் சம்மதத்தோடு தங்கள் வழியே போய்த் தங்கள் முடிவை எழுதிக்கொண்டார்கள். அரகாவா தன் வழியே போய் 2010 ஜூனில் 27 தொகுதியாக முடித்தார். இரண்டும் ஒரே ஊரில் கிளம்பி வேறு வேறு ஊருக்குப் போன பஸ்கள்.

"அதான் அப்புறம் 'பிரதர்ஹுட்' வந்துச்சே அக்கா, அது மங்காவ அப்படியே எடுத்தது" என்பீர்கள். வந்தது. 2009 ஏப்ரலில் தொடங்கி 64 எபிசோட். மங்கா முடிந்த அடுத்த மாதமே அதுவும் முடிந்தது. முடிவு ஒன்றேதான். ஆனால் அதன் முதல் எபிசோடை நினைத்துப் பாருங்கள். பனியை ஆயுதமாக்கும் ஐசக் என்ற ரசவாதி தலைநகரத்தையே உறையவைக்கப் பார்ப்பான். அவன் மங்காவில் எங்கும் கிடையாது. மங்காவின் மூன்றாவது சாப்டரில் யூஸ்வெல் என்ற சுரங்க ஊர் வருகிறது. பேராசை பிடித்த யோக்கி என்ற அதிகாரியை கதாநாயகர்களான எல்ரிக் சகோதரர்கள் ஏமாற்றி அந்த ஊரை மீட்டுக் கொடுக்கிறார்கள். பிரதர்ஹுட் அதைத் தாண்டிப் போய்விட்டது. யோக்கி பிறகு வேறொருவருக்கு எடுபிடியாக வந்து நிற்கும்போது அவன் பூர்வகதையைச் சுருக்கமாகச் சொல்லிச் சமாளித்தது. முதல் அனிமே ஆற அமரச் சொன்ன தொடக்கத்தை இரண்டாவது அனிமே ஓட்டமாக ஓடிக் கடந்தது, ஊருக்கே தெரிந்த கதைதானே என்று. ஹ்யூஸ் என்ற மனிதரின் முக்கியமான நாள் முதல் அனிமேயில் 25ஆம் எபிசோடில் வந்தது. பிரதர்ஹுட்டில் பத்தாவதிலேயே வந்துவிடுகிறது. மகளின் போட்டோவை எல்லாரிடமும் நீட்டிக் கழுத்தறுக்கும் அந்த மனிதரோடு நமக்குப் பழக்கமாவதற்குள் அந்த நாள் வந்து போய்விடுகிறது.

ஆக, மூலத்தை மதித்து எடுத்தது என்று பெயர் வாங்கிய அனிமேயே மங்காவை விட்டது தொடக்கத்தில். நீங்கள் படிக்காமல் தாவுவதும் அதே தொடக்கத்தைத்தான்.

இதை நான் இவ்வளவு வீம்பாகச் சொல்வதற்கு என் தொழிலும் ஒரு காரணம். பத்திரிகையில் பக்கம் கட்டுவது என் வேலை. தலைப்பு எங்கே, படம் எங்கே, நடுப்பக்கத்தில் முகம் மடிப்பில் மாட்டாமல் எப்படிப் போடுவது என்று இருபது வருடமாக மண்டையை உடைத்துக்கொள்கிறேன். அதனால் மங்காவைத் திறந்தால் கதைக்கு முன்னால் பக்கம்தான் கண்ணில் படும். ஜப்பானியப் புத்தகம் வலமிருந்து இடமாகப் போகும், தெரியும்தானே. வலப்பக்கத்தின் மேல் வலது மூலையில் தொடங்குகிற கண், இடப்பக்கத்தின் கீழ் இடது மூலையில் வந்து நிற்கும். அங்கே இருக்கும் அந்தக் கடைசிக் கட்டம் சாதாரணக் கட்டம் இல்லை. ஒரு கதவு திறக்கும். ஒருத்தி சட்டென்று திரும்புவாள். ஒரு வாக்கியம் பாதியில் நிற்கும். வந்தது யார் என்று தெரிய வேண்டுமானால் தாளைத் திருப்பியாக வேண்டும். ஜப்பானில் இதற்கு 'மெகுரி' என்று பெயரே வைத்திருக்கிறார்கள், புரட்டுவது என்று அர்த்தம். புரட்டியதும் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே படமாக விரிந்தால் அது 'மிஹிராகி'. வாராந்திர 'ஷோனென் ஜம்ப்' இதழில் ஒரு கதைக்கு வாரம் ஏறக்குறைய 19 பக்கம் கிடைக்கும். அந்தப் பத்தொன்பதுக்குள் எது இடப்பக்க மூலையில் விழ வேண்டும், எது திருப்பிய பிறகு விரிய வேண்டும் என்று வாராவாரம் தூக்கமில்லாமல் கணக்குப் போடுகிறார்கள்.

அனிமேயில் ஆச்சரியம் எப்போது வரும் என்பதை இயக்குநர் முடிவு செய்கிறார், நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். மங்காவில் தாளைத் திருப்புவது உங்கள் விரல். பயந்தால் திருப்பாமல் வைத்துக்கொண்டு இருக்கலாம். நான் இருந்திருக்கிறேன்.

இந்த மூலைக் கணக்கைத் தெரிந்தே மீறுகிறவர்களும் உண்டு. ஹாஜிமே இசயாமாவின் 'அட்டாக் ஆன் டைட்டன்' 42ஆம் சாப்டரில் ஒரு கதாபாத்திரம் தான் உண்மையில் யார் என்பதைச் சொல்கிறது. அதற்கு முழுப்பக்கப் படம் கிடையாது, இடி மின்னல் கிடையாது. மதில் மேல் நின்று பேச்சோடு பேச்சாக, பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கா என்று கேட்கிற தொனியில் வந்து விழுகிறது. படித்தவர்கள் திரும்பப் போய் அந்தக் கட்டத்தை இன்னொரு தடவை பார்த்தார்கள். அனிமேயும் 2017இல் அதே அடக்கத்தோடு எடுத்தது. நன்றாகத்தான் எடுத்தது. ஆனால் "நான் படித்தது சரிதானா?" என்று கண் பின்னுக்குப் போகிற அந்தத் தடுமாற்றம் தாளில்தான் நடக்கும். திரையில் வசனம் அதற்குள் அடுத்த வரிக்குப் போயிருக்கும். யாரென்று சொல்ல மாட்டேன். அந்த ஆள் முதல் சாப்டர்களில் எப்படி நிற்கிறார், யாரைப் பார்க்கிறார், எங்கே வாயை மூடிக்கொள்கிறார் என்பதைத் தெரிந்த கண்ணோடு முதலிலிருந்து படித்துப் பாருங்கள். விட்ட இடத்திலிருந்து படிக்கிறவருக்கு இந்த விருந்து கிடையாது.

இன்னொன்று, ஒலி. ஜப்பானிய மங்காவில் கதவுக்கு ஒரு ஓசை, மழைக்கு ஒரு ஓசை என்று எல்லாவற்றுக்கும் எழுத்து உண்டு. அந்த எழுத்துகளும் படத்தின் பகுதியாகவே வரையப்பட்டிருக்கும். அவர்கள் நிசப்தத்துக்கும் ஓர் ஓசை எழுத்து வைத்திருக்கிறார்கள்: 'ஷீன்'. யாரும் பேசாத அறையின் நடுவில் அந்த எழுத்து நீளமாகத் தொங்கும். சத்தமில்லை என்பதைச் சத்தத்தால் எழுதுகிறார்கள்! அனிமே இதை எப்படிக் காட்டும்? ஒலியை நிறுத்தும், அவ்வளவுதான். நிறுத்துவதும் எழுதுவதும் ஒன்றில்லை.

'தி பிராமிஸ்ட் நெவர்லேண்ட்' பார்த்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அநாதை இல்லம், எம்மா, நார்மன், ரே, அவர்களை வளர்க்கும் இசபெல்லா. குழந்தைகள் அவளை "மாமா" என்று கூப்பிடுவார்கள். நம் காதுக்கு அது வேறு உறவு, முதல் இரண்டு எபிசோடுக்கு எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. 2019இல் வந்த முதல் சீசன் 12 எபிசோட், அருமையான வேலை. அதில் ஒரு காரியம் துணிந்து செய்திருந்தார்கள். மங்கா முழுக்கக் குழந்தைகள் மனசுக்குள் பேசிக்கொண்டே இருப்பார்கள், சதுரங்கம் ஆடுகிறவர்களைப் போல. அனிமே அந்த மனப்பேச்சைக் கிட்டத்தட்ட முழுதாக எடுத்துவிட்டது. பதிலுக்கு நீண்ட நடைபாதை, பாதி திறந்த கதவு, பின்தொடரும் கேமரா.

மாமா எம்மாவை நிறுத்திக் கேள்வி கேட்கிறாள். எம்மா ஒன்றும் தெரியாதவள் போலச் சிரிக்கிறாள். அனிமேயில் நாம் மாமாவின் இடத்தில் நின்று அந்த முகத்தைப் பார்க்கிறோம்: இவள் நடிக்கிறாளா? மங்காவில் நாம் எம்மாவுக்குள் இருக்கிறோம். பதினோரு வயதுக் குழந்தை நெஞ்சு படபடக்கச் சிரிப்பைப் பிடித்துவைத்திருப்பது எவ்வளவு பாரம் என்று தெரிகிறது. ஒரே சிரிப்புதான், பார்க்கிற இடம் வேறு.

2021இல் வந்த இரண்டாம் சீசன் என்ன செய்தது என்று உங்களுக்கே தெரியும். கோல்டி பாண்ட் என்ற பெரிய பகுதியை அப்படியே விழுங்கி, மிச்சக் கதையைப் பதினோரு எபிசோடில் அடைத்து, கடைசியில் அசையாப் படங்களாக ஓடவிட்டு மங்களம் பாடியது. கோபத்தோடு மங்காவுக்கு ஓடினீர்கள், நியாயம். "38ஆம் சாப்டரிலிருந்து படி" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டீர்கள், அதில்தான் கோட்டை விட்டீர்கள். கதை ஒட்டிக்கொண்டுவிடும், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் எம்மாவையும் நார்மனையும் வெளியிலிருந்தே பார்த்த பழக்கத்தோடு உள்ளே போகிறீர்கள். முதல் 37 சாப்டர் ஐந்தாம் தொகுதிக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும்.

விட்ட இடம் என்ற ஒன்றே இல்லாத கதைகளும் உண்டு. ஹயாவோ மியாசாகியின் 'நௌசிகா'. 1982இல் மங்காவாக ஓர் அனிமே இதழில் தொடங்கினார். இரண்டு வருடத்தில், 1984 மார்ச்சில், அவரே அதைப் படமாக எடுத்தார். அப்போது மங்கா ஏறக்குறைய இரண்டு தொகுதி அளவுக்குத்தான் வந்திருந்தது. படத்துக்குப் பிறகும் விட்டு விட்டு எழுதி 1994இல் ஏழாம் தொகுதியோடு முடித்தார். படம் பார்த்துவிட்டு மூன்றாம் தொகுதியைத் திறந்தால் ஒன்றும் புரியாது. டோரோக் என்ற பேரரசே படத்தில் இல்லை. படத்தில் எதிரியாக வரும் இளவரசி குஷானா மங்காவில் நாம் மரியாதையோடு பார்க்கிற ஆள். ஒரே மனிதர், ஒரே காற்றுப் பள்ளத்தாக்கு, ஒரே பெண். ஆனால் படத்தை எடுத்தவருக்கும் கடைசித் தொகுதியை முடித்தவருக்கும் நடுவில் பத்து வருடம் ஓடியிருக்கிறது, அதற்குள் அவர் உலகத்தைப் பற்றி வேறு மாதிரி யோசிக்கத் தொடங்கியிருக்கிறார். முதல் பக்கத்திலிருந்து போனால் அந்த மாற்றம் நம் கண்ணெதிரே நடப்பதைப் பார்க்கலாம். எனக்குப் படத்தைவிட மங்காதான் பெரிது. படத்தைக் குறைத்துச் சொன்னால் வீட்டில் சண்டை வரும், ஆகவே இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இனி என் சொந்தப் பைத்தியம். 'ஸ்லாம் டங்க்'. தகேஹிகோ இனோவே 1990 முதல் 1996 வரை வரைந்த கூடைப்பந்துக் கதை, 31 தொகுதி. டிவி அனிமே 1993இல் தொடங்கி 101 எபிசோட் ஓடி, 1996 மார்ச்சில் நின்றுபோனது. எங்கே நின்றது? நாயகனின் ஷோஹோகு அணி தேசியப் போட்டிக்குப் புறப்படும் வேளையில். ஆறு வருடக் கதை எந்த ஆட்டத்துக்காக ஏங்கிக் கிடந்ததோ, அந்த சன்னோ பள்ளியோடு மோதும் ஆட்டம் அனிமேயில் வரவே இல்லை. அது மங்காவில் மட்டும், கடைசித் தொகுதிகள் முழுக்க விரிந்துகிடந்தது.

அந்த ஆட்டத்தின் கடைசி நொடிகளை வரைந்திருக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். அதுவரை பக்கமெல்லாம் கூச்சல். ரசிகர்கள் கத்துவார்கள், ஷூ கிறீச்சிடும், பந்து தரையில் இடிக்கும், வர்ணனைக்கு ஒருவன், கிண்டலுக்கு ஒருவன். நேரம் குறையக் குறையப் பேச்சுக் குமிழ்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. பிறகு ஓசை எழுத்துகளும் போய்விடுகின்றன. 'ஷீன்' கூடக் கிடையாது. மிச்சம் இருப்பது கை, பந்து, கண், வியர்வை, கடிகாரம். பக்கத்துக்குப் பக்கம் இப்படியே. படிக்கிறவர் வேகமாகத் திருப்பத்தான் வேண்டும், ஏனென்றால் படிக்க எழுத்தே இல்லை. அதே சமயம் திருப்ப மனம் வராது, ஏனென்றால் அடுத்த பக்கத்தில் எல்லாம் முடிந்துவிடும். முதல் தடவை நான் நின்றுகொண்டே படித்தேன். எப்போது எழுந்து நின்றேன் என்று எனக்கே தெரியாது.

26 வருடம் கழித்து, 2022 டிசம்பரில், இனோவே தானே திரைக்கதை எழுதி இயக்கி அந்த ஆட்டத்தைப் படமாக்கினார்: 'தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்'. மங்காவின் நாயகன் ஹனமிச்சி சகுராகி, சிவப்புத் தலை. படத்தில் இனோவே கதையை ரியோதா மியாகியின் பக்கம் திருப்பிவிட்டார், களமிறங்கும் ஐவரில் உயரம் குறைந்தவன். அந்தக் கடைசி நொடிகள் வரும்போது திரையில் ஒலி அறுந்து விழுகிறது. தாளில் இருந்த மௌனத்தைத் திரைக்கு எப்படிக் கொண்டுவருவது என்று அந்த மனிதர் 26 வருடமும் யோசித்துக்கொண்டே இருந்திருப்பாரோ என்று தோன்றும்.

இந்தப் படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கும் பிடித்தது, பார்த்திருக்கிறேன், பக்கத்து இருக்கையில் ஒரு பையன் அழுதான். ஆனால் அந்தக் கடைசி நொடியில் சகுராகி நிற்கும் நிலை இருக்கிறதே, கால் எப்படி, முழங்கை எப்படி, இடக்கை எங்கே, அதற்குப் பின்னால் 20,000 முறை பந்தெறிந்து பழகிய நாட்கள் இருக்கின்றன. அதற்கும் பின்னால் ஒரு பெண்ணைக் கவர்வதற்காகத் தெரியாத ஆட்டத்தைப் பிடிக்கும் என்று பொய் சொல்லிச் சேர்ந்த முட்டாள் ஒருவன் இருக்கிறான். ஆரம்பத் தொகுதிகளில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓரமாக நிற்கவைக்கப்பட்ட அவனைத் தெரிந்திருந்தால், அந்த முழங்கையைப் பார்த்த மாத்திரத்தில் தொண்டை அடைக்கும். சன்னோ ஆட்டம் எந்தத் தொகுதியில் தொடங்குகிறது என்று கேட்டு அங்கே போய் இறங்குகிறவருக்கு அது ஒரு நல்ல ஷாட், அவ்வளவே.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பார்த்துவிட்டுப் படிக்கும் கட்சியில் நான் ஏன் இருக்கிறேன் என்று சொல்லாவிட்டால் நியாயமில்லை.

மறுபடி டீமன் ஸ்லேயர். 2019 ஆகஸ்டில் வந்த 19ஆம் எபிசோட். சிலந்திகளின் மலையில் நாயகன் தஞ்சிரோவின் வாள் முறிந்துபோய், அப்பாவின் நடனம் அவனுக்கு நினைவு வரும் இடம். மங்காவில் அது சில பக்கங்களில் முடிகிறது. கொதோகேவின் கோடு கரடுமுரடானது, அதில் ஒரு நாட்டுப்புற அழகு உண்டு. எனக்குப் பிடிக்கும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், சண்டை நடக்கும் சில கட்டங்களில் எது கை எது கத்தி என்று கண்டுபிடிக்க இரண்டு தடவை பார்க்க வேண்டியிருக்கும். அனிமேயை எடுத்த யூஃபோடேபிள் நிறுவனம் அந்தச் சில பக்கங்களை எடுத்து, நெருப்பும் நீரும் பாட்டுமாக விரித்தது. ஜப்பானே திரும்பிப் பார்த்தது. புத்தகக் கடைகளில் தொகுதிகள் இல்லையென்று ஆனது. அடுத்த வருடம் வந்த 'மூகன் ட்ரெய்ன்' படம் 4,000 கோடி யென்னைத் தாண்டி, ஜப்பானில் அதுவரை வந்த படங்களின் வசூலையெல்லாம் முந்தியது. அந்தப் பத்தொன்பதாவது எபிசோடை என்ன வரப்போகிறது என்று தெரியாமல் பார்த்த அனுபவத்தை எதற்காகவும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பார்த்துவிட்டுப் படித்தால் அனிமே தந்ததெல்லாம் உங்களோடு புத்தகத்துக்குள் வரும். கறுப்பு வெள்ளைக் கட்டத்தில் தஞ்சிரோவின் மேலங்கி பச்சையாகத் தெரியும். குமிழுக்குள் இருக்கும் எழுத்து குரலாகக் கேட்கும். என் அக்கா பையன் 'நருடோ'வைத் தமிழ்க் குரலில் டிவியில் பார்த்து வளர்ந்தவன். இப்போது மங்காவை ஆங்கிலத்தில் படிக்கிறான், காதில் தமிழ்தான் கேட்கிறதாம். ஜப்பானியக் கட்டம், ஆங்கில எழுத்து, தமிழ்க் குரல்! படித்துவிட்டுப் பார்ப்பவர்களுக்கு நேர்வது வேறு. அவர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கும். இந்தக் காட்சி எங்கே, அந்த வசனம் எங்கே என்று டிக் அடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். 2022இல் 'பொன்னியின் செல்வன்' பார்க்கப் போனபோது பக்கத்து சீட்டில் நாவல் படித்த பெரியப்பா யாராவது உங்களுக்கும் வாய்த்திருப்பாரே? அதேதான்.

அனிமே பாதியில் நின்று பல வருடம் ஆகிவிட்டது என்றால் காத்திருக்க வேண்டாம், படித்துவிடுங்கள். அட்டாக் ஆன் டைட்டனின் முதல் சீசனுக்கும் இரண்டாவதற்கும் நடுவில் நான்கு வருடம். அந்த நாலு வருடம் கட்டுப்பாட்டோடு இருந்தவர்களை நான் வணங்குகிறேன், நானே 33ஆம் சாப்டர் வரை பொறுமையாகத் திரும்பப் படித்துவிட்டு அதற்கப்புறம் எல்லை தாண்டியவள்தான்.

"அக்கா, நேரம்?" இதுதான் நீங்கள் கேட்கப்போவது. நருடோ, 'நருடோ ஷிப்புடென்' இரண்டும் சேர்த்து 720 எபிசோட், மங்கா 700 சாப்டர். ஓர் எபிசோட் பார்க்கிற நேரத்தில் பரபரப்பான சாப்டர் மூன்று நாலு படித்துவிடலாம். 'டிராகன் பால் இசட்'டில் இன்னும் ஐந்து நிமிஷத்தில் கிரகம் வெடிக்கும் என்று வில்லன் ஃப்ரீஸா சொல்லிவிட்டு ஏறத்தாழ பத்து எபிசோட் சண்டை போட்டான். அதைப் பொறுமையாக உட்கார்ந்து பார்த்த ஜனம் நேரத்தைப் பற்றிப் பேசக்கூடாது.

போனில்தான் படிப்பீர்கள், தெரியும். ஒன்று மட்டும் செய்யுங்கள். போனைப் படுக்கவைத்து இரண்டு பக்கமும் ஒன்றாகத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனால் மெகுரியும் இல்லை, மிஹிராகியும் இல்லை. விரிய வேண்டிய படம் இரண்டு துண்டாக வரும், பாதி முகத்தைப் பார்த்துவிட்டு மறுபாதிக்கு விரலால் தள்ளுவீர்கள். பக்கம் கட்டுகிறவளின் வயிற்றெரிச்சல் இது, கொஞ்சம் மதியுங்கள்.

முழுதாகப் படித்து முடித்தபின் பார்த்துக்கொண்டிருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் அர்த்தச் சிரிப்பு சிரிக்காதீர்கள். வாயைத் திறந்து கதையைச் சொல்கிறவனைக்கூட மன்னிக்கலாம், அந்தச் சிரிப்பை முடியாது.

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் 'ஃப்ரீரன்' முதல் சீசன், 28 எபிசோட், முடித்துவிட்டு வந்து அதே கேள்வியைக் கேட்டாள். முதல் எபிசோடில் ஃப்ரீரன் தோழர்களிடம் விடைபெற்றுப் போய் ஐம்பது வருடம் கழித்துத் திரும்பி வருவாளே, அது அவளுக்கு நினைவிருந்தது. இவான் காலின் இசை நினைவிருந்தது. ஸ்டார்க்கும் ஃபெர்னும் விருந்தில் ஆடும் நடனம் நினைவிருந்தது. அந்த நடனம் மங்காவில் சில கட்டங்கள்தான், அனிமே அதை ஆசையாக ஆடவிட்டிருக்கிறது என்று சொன்னேன். அந்த ஐம்பது வருடமும் மங்காவில் கட்டங்களுக்கு நடுவில் இருக்கும் வெள்ளை இடுக்குகளில் போய்விடுகிறது, இசையும் இல்லை, காற்றும் இல்லை, கண் இமைப்பதற்குள் தோழன் ஹிம்மல் கிழவனாகி நிற்கிறான் என்று சொன்னேன். ஆயிரம் வருடத்துக்கு மேல் வாழ்ந்த ஒருத்திக்கு ஐம்பது வருடம் அப்படித்தானே போயிருக்கும்?

"அதெல்லாம் சரிக்கா, எந்த சாப்டர்?" என்றாள்.

உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போகக்கூடாது. முதல் சீசன் 60ஆம் சாப்டரோடு முடிகிறது, அடுத்தது 61. அவளுக்கு அந்த எண்ணைச் சொல்லிவிட்டு, என் மேசையிலிருந்த முதல் தொகுதியை அவள் பையில் வைத்து அனுப்பினேன். நீங்களும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
பக்கம் கட்டும் அக்கா